குறைமாதக் குழந்தையும் மருத்துவமனையும்



குறைமாதத்தில் பிறந்த குழந்தை மரித்துப்போனால், “ஆண்டவருடைய சித்தம்” என்று சொல்லி நாம் பேச்சை முடித்துவிடுவது உண்டு. ஜீவன் அவர் கரத்தில் இருக்கிறது என்பது மெய்யே. ஆனால் ஒரே நிலையில் பிறக்கும் இரு குழந்தைகளில் ஒன்று ஒரு மருத்துவமனையில் பிழைக்கிறது, மற்றொன்று வேறொரு மருத்துவமனையில் மரிக்கிறது. இது ஏன்? இந்தப் பாடத்தில் இதைச் சிந்திப்போம்.

கர்ப்பகாலம் நிறைவாக 40 வாரம். அமெரிக்காவில் 2006 முதல் 2011 வரை 24 மருத்துவமனைகளில் 27 வாரத்திற்கு முன் பிறந்த ஏறக்குறைய 5,000 குழந்தைகளைக் குறித்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. 22, 23 வாரங்களில் பிறந்தவர்கள் பிழைப்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை பெரும் வேறுபாடு இருந்தது. பிறந்தவுடன் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்கினார்களா இல்லையா என்பதே அவ்வேறுபாட்டில் சுமார் முக்கால் பங்குக்குக் காரணம். 22 வாரத்தில் பிறந்தவர்களில் நூற்றுக்கு 5 பேர் பிழைத்தனர். சிகிச்சை பெற்றவர்களை மாத்திரம் எடுத்துக்கொண்டால் 23 பேர்.

சிகிச்சை பெற்றும் பெரும்பாலோர் மரித்தனர் என்பதையும் மறைக்கக்கூடாது. பிழைத்தவர்களில் சிலருக்கு ஊனமும் உண்டு. ஆகவே எல்லாச் சிசுவுக்கும் கருவி பொருத்துவதே அன்பு என்று நாம் சொல்லவில்லை. பெற்றோரிடம் உண்மையைச் சொல்லி, அவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பதே அன்பு.

ஏழை நாடுகளில் கேள்வி வேறு. அங்கே 28 வாரத்திற்கு முன் பிறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மரிக்கிறார்கள். செல்வ நாடுகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இன்னும் சற்று முதிர்ந்து பிறப்பவர்களுக்கோ பெரிய இயந்திரங்களைவிட எளிய காரியங்களே உதவுகின்றன. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயின் மார்போடு அணைத்து வைத்தார்கள். வழக்கமான முறையில் நூற்றுக்கு 15.7 பேர் மரித்தனர். இம்முறையில் 12 பேர். இதற்குத் தேவைப்பட்டது, குழந்தையின் தீவிர சிகிச்சை அறைக்குள்ளேயே தாய்க்கும் ஒரு கட்டில். வெளியே நிறுத்தப்பட்ட தாயை உள்ளே அழைத்தார்கள், அவ்வளவே.

நல்ல சமாரியன் உவமையில் காயம் ஒன்றுதான். அவ்வழியே வந்தவர்களோ மூவர். காயம்பட்டவன் பிழைத்தது, நின்றவன் ஒருவன் இருந்ததால்.

பிரியமானவர்களே, புதிய இயந்திரத்திற்குக் காணிக்கை கொடுப்பது நல்லது. இரவில் விழித்திருக்கும் நர்ஸுக்கும், தாயின் கட்டிலுக்கும் கொடுப்பது அதிலும் குறைந்ததல்ல. நீங்கள் தாங்கும் எந்த மருத்துவமனையையும் இப்படிக் கேளுங்கள்: “கடந்த ஆண்டு எத்தனை குறைமாதக் குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள்? எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்?” எங்களையும் கேளுங்கள். கணக்கு ஒப்புவிப்பது உக்கிராணக்காரரின் கடமை. அந்தக் கணக்கின் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஒரு தாய் இருக்கிறாள். அவர்களுக்காக ஜெபியுங்கள்.