கூரை வேய்ந்த தேவாலயம், உள்ளே கான்கிரீட்

ட்ராயிங் ஹாலில் பிளான், எலிவேஷன் ரெண்டையும் பொறுமையா வரைவோம். கடைசி அரை மணி நேரத்தில் செக்‌ஷனை ஒப்பேத்துவோம். நீங்களும் அந்தக் கட்சிதான் என்றால், இந்தக் கட்டடம் உங்களுக்குத்தான்.

இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்ட்ஷயர் பகுதியில் உள்ள ஊர் பிராக்ஹாம்ப்டன். ஆலிஸ் ஃபாஸ்டர் என்பவர் தன் பெற்றோர் நினைவாக அங்கே கட்டச் செய்தது ஆல் செயின்ட்ஸ் தேவாலயம். காலம் 1901–02. வடிவமைத்தவர் வில்லியம் லெதபி. இயந்திரம் கொட்டித் தள்ளும் போலி அலங்காரம் வேண்டாம், செய்கிறவர் கைத்திறனுக்கும் பொருளின் இயல்புக்கும் மதிப்புக் கொடு என்று சொன்ன ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கத்துக்காரர்.

எலிவேஷனை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கல் சுவர், வேய்ந்த கூரை, குட்டையான சதுரக் கோபுரம். ஏதோ பழைய கிராமத்துக் கட்டடம் மாதிரிதான் தெரியும்.

இப்போ செக்‌ஷனுக்கு வாங்க. தாழ்வான சுவரிலிருந்தே கூர்முனைக் கல் வளைவுகள் செங்குத்தாக ஏறுகின்றன. வளைவுகளுக்கு நடுவே கான்கிரீட் கூரை. அதில் கம்பி கிடையாது. அதற்கு மேலேதான் வேய்ச்சல்.

கம்பி இல்லாமல் எப்படி நிற்குது? கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையில் விரிசல் விடும். இது நமக்குத் தெரிந்ததுதான். வளைவு எவ்வளவு செங்குத்தாக இருக்கோ, சுவரை வெளிப்பக்கம் தள்ளும் விசை அவ்வளவு குறையும். சுமை பெரும்பாலும் அழுத்தமாகவே தரைக்கு இறங்கும். கம்பி செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கை இங்கே வடிவமே செய்துவிடுகிறது. இதை எலிவேஷன் சொல்லாது. செக்‌ஷன்தான் சொல்லும்.

ஆனா செக்‌ஷனும் சொல்லாத ஒன்று உண்டு. லெதபி கான்ட்ராக்டர் வைக்கவில்லை. ஆட்களை நேரடியாக அமர்த்தி, ராண்டல் வெல்ஸ் என்ற இளைஞரைத் தளத்தில் பொறுப்பாக விட்டார். வேலை செய்பவர்களுக்கும் முடிவெடுக்க இடம் வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் கொள்கை. நடந்தது என்ன? அஸ்திவாரத்தில் கோளாறு வந்தது. லெதபியைக் கேட்காமலே தளத்தில் சில மாற்றங்களும் நடந்தன. அவர் பழியை வெல்ஸ் மேல் போடவில்லை. பொறுப்பைத் தானே ஏற்றுத் தன் கட்டணத்தை விட்டுக்கொடுத்தார். அதன்பின் கட்டடம் வடிவமைப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டு, கற்பிப்பதிலும் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதிலும் இறங்கினார். 1906இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் பராமரிப்புக் கட்டடக் கலைஞர் ஆனார்.

தேவாலயம் இன்றும் நிற்கிறது.

அடுத்த முறை செக்‌ஷன் வரையும்போது மூணு கேள்வி கேட்டுக்கோங்க. சுமை எந்த வழியா இறங்குது? இதை யார் கையால் கட்டப்போறாங்க? தளத்தில் ஒரு கோடு மாறினால் யாரைக் கேட்டு மாற்றணும்? மூணாவது கேள்விக்கான பதிலை ஷீட்டிலேயே எழுதி வைங்க. ஏன்னா கீழே கையெழுத்து நம்மளோடது.