மாணவர் ஒழுக்கமும் போதைப் பொருளும்



இடப்பள்ளியில் நாம் வசிக்கும் தெருவிலுள்ள தந்தையார் ஒருவர் ஓரிரவு நம்மைத் தேடி வந்தார். விடுதியில் தங்கிப் பயிலும் அவர் மகன் கஞ்சாப் பழக்கத்தில் வீழ்ந்துவிட்டான். "ஐயா, கல்லூரிக்குத் தெரிந்தால் பையன் படிப்புப் போய்விடும். மறைத்துவிடலாமா?" என்று கேட்டார். அவருக்கு நாம் கூறிய விடையையே இங்குப் பாடமாக எழுதுகின்றோம்.

அவருடைய அச்சம் காரணமற்றதன்று. இடப்பள்ளிக்கு அடுத்த களமசேரியில், அரசு பாலிடெக்னிக் கல்லூரி விடுதியில் 2025 மார்ச்சு 13 இரவு போலீசார் சோதனையிட்டு, ஏறத்தாழ 2 கிலோ கஞ்சாவைக் கைப்பற்றினர். மாணவர் மூவர் கைதாயினர்; கல்லூரி அவர்களை இடைநீக்கம் செய்தது. சோதனைக்கு முன்னரே கல்லூரி முதல்வர் போலீசாருக்கு எழுதி எச்சரித்திருந்தார் என்பது கருதத்தக்கது.

இத்தகைய குற்றத்தில் இரு விசாரணைகள் உண்டு. ஒன்று அரசாங்கத்தினுடையது, மற்றொன்று கல்லூரியினுடையது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருட் சட்டம் உபயோகிப்பவனையும் விற்பவனையும் ஒரே தட்டில் நிறுப்பதில்லை. கஞ்சா உட்கொண்ட குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை. ஒரு கிலோவுக்கு மேல் வைத்திருந்தாலோ பத்தாண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேற்பட்டால் இன்னும் கொடிய தண்டனை. அச்சட்டத்தின் 64-அ பிரிவு மற்றொன்றும் கூறுகின்றது: பழக்கத்திற்கு அடிமையானவர், உட்கொண்ட குற்றத்திற்கோ சிறிதளவு வைத்திருந்த குற்றத்திற்கோ ஆளாகியிருப்பின், அரசாங்கம் ஏற்ற மருத்துவ நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்கு நடத்தப்படுவதில்லை. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் இப்பாதுகாப்பு விலக்கப்படலாம். இவ்வாசகத்தை அறியாமலே பல பெற்றோர் மறைக்கின்றனர்.

இனிக் கல்லூரியின் விசாரணையைக் காண்போம். தேர்வில் முறைகேடு செய்ததாக மாணவர் சிலரின் தேர்ச்சியை உத்தரப்பிரதேசத் தேர்வு மன்றம் அவர்களைக் கேளாமலே ரத்துச் செய்தது. அது செல்லாது என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் 1973-இல், மகளிர் விடுதியுட் புகுந்த ராஞ்சி மருத்துவக் கல்லூரி மாணவரின் நீக்கத்தை அதே நீதிமன்றம் ஏற்றது. குற்றம் இன்னதென்று அம்மாணவர்க்குத் தெரிவிக்கப்பட்டது. மறுமொழி கூற வாய்ப்பும் தரப்பட்டது. சாட்சியரை அவர்முன் நிறுத்திக் குறுக்கு விசாரணை நடத்துதல் எப்போதும் கட்டாயமன்று என்றும் நீதிபதிகள் கூறினர். ஆகவே கேட்டபின் தண்டிக்கலாம். கேளாது தண்டித்தல் ஆகாது.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இல் ஒரு விதி வகுத்தது. குடியினால் மயங்கிய தோழனுக்காக உதவி கோரும் மாணவனை, அக்குடிக்காக ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்துவதில்லை என்பது அதன் கருத்து. தண்டனைக்கு அஞ்சித் தோழனைச் சாகவிடுதல் கூடாதன்றோ?

விநயத்தில் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. சாகதர் என்னும் பிக்கு கோசாம்பியில் மக்கள் அளித்த மதுவை உண்டு, நகர வாயிலில் விழுந்து கிடந்தார். பகவான் முதலில் அவரைத் தூக்கிவரச் செய்தார். பின்னர்ச் சங்கத்தாரிடம் வினாவினார். அதன் பின்னரே மதுவை விலக்கி விதி செய்தார். அக்குற்றம் சங்கத்தினின்று நீக்கும் பாராஜிகத்தில் வைக்கப்படவில்லை. அறிக்கையிட்டு நீங்கும் பாசித்தியத்தில் வைக்கப்பட்டது. தூக்குதல், வினாவுதல், விதித்தல் என்னும் இவ்வரிசையைப் பல்கலைக்கழகங்களும் கைக்கொள்ளலாம்.

நாம் பஞ்சாலையில் வேலை செய்த காலத்தில், உடன் உழைத்த ஒருவன் இரவு ஷிப்டுக்குக் குடித்துவிட்டு வந்தான். மேஸ்திரி அன்றே அவனை வெளியேற்றினார். குழந்தையை இழந்த துயரத்தால் அவன் குடிக்கத் தொடங்கினான் என்பது நமக்குத் தெரியும். நாம் வாய் திறக்கவில்லை. ஓராண்டுக்குள் அவன் இறந்தான். மேஸ்திரி செய்தது முழுத் தவறென்று சொல்லமாட்டோம். ஓடும் இயந்திரத்தருகில் குடித்தவன் நிற்கலாகாது. ஆனால் வாயிற் கதவுக்கு வெளியே அவனைத் தாங்க ஒருவரும் இல்லை. அறிந்தும் பேசாதிருந்த நம் மௌனத்தை இன்றும் நம் குற்றமாகவே எண்ணுகின்றோம்.

ஆகையால் அத்தந்தையாரிடம் மூன்று கூறினோம். முதலாவது, மகனை அடியாதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லும். இரண்டாவது, சிகிச்சைச் சான்றுடன் நீரே கல்லூரி முதல்வரைக் காணும். கல்லூரி தண்டிக்கவும் கூடும், எனினும் பிடிபட்டபின் கூறும் உண்மையிலும் முன்வந்து கூறும் உண்மைக்கு மதிப்பு மிகுதி. மூன்றாவது, அவனுக்கு விற்றவன் யாரென்பதை மறைக்காதீர். அவனைக் காப்பது பிறர் பிள்ளைகளைக் கெடுப்பதாகும்.

மறுநாட் காலை தந்தையும் மகனும் மருத்துவமனைக்குச் சென்றனர். கல்லூரியின் முடிவு இன்னும் வரவில்லை. பையன் சிகிச்சையை விடாது பெற்று வருகின்றான். வாசகர்களே, நும் இல்லத்திலோ அண்டையிலோ இத்தகைய பிள்ளை ஒருவன் விழுந்து கிடப்பின், முதலில் தூக்குங்கள். வினாவுவதற்குப் பின்னர்க் காலம் உண்டு.