நீர்ப்பம்பிக் கட்டுப்பாட்டுத் தொகுதி: பெய்ப்புகளும் பயப்பும்

க.பொ.த. உயர்தரம் – பௌதிகவியல் – இலத்திரனியல்

தரப்பட்ட தருக்கச் சுற்றுக்கு மெய்நிலை அட்டவணையை நிரப்புவது பெரும்பாலான மாணவர்க்குக் கடினமன்று. 1 எதைக் குறிக்கிறது, 0 எதைக் குறிக்கிறது என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டி வரும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. தானியங்கும் நீர்ப்பம்பி இதற்கு ஏற்ற உதாரணம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கற் படையில் தேங்கும் நிலக்கீழ் நீரே கிணறுகளுக்கு வருகிறது. வரட்சிக் காலத்தில் கிணற்று மட்டம் இறங்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலேறும். நீரின்றிச் சுழலும் பம்பியின் அடைப்புகளும் வெப்பமேறிப் பழுதடையும். ஆகவே அங்குள்ள ஒரு வீட்டுப் பம்பியைத் தானாக இயங்கவிடுவதாயின், மேல்நிலைத் தாங்கியை மட்டுமன்றிக் கிணற்றையும் சுற்று "பார்க்க" வேண்டும்.

பெய்ப்புகள்

மூன்று மிதவை ஆளிகளை எடுத்துக்கொள்வோம். தாங்கியின் மேல்மட்டத்தில் ஒன்று (மே), கீழ்மட்டத்தில் ஒன்று (கீ), கிணற்றில் ஒன்று (கி). ஒவ்வோர் ஆளியின் ஒரு முனையும் +5 வோல்ற்றுக்கு. மறுமுனை படலையின் பெய்ப்புக்கு. அந்தப் பெய்ப்பை 10 கிலோஓம் தடையியொன்றினூடாக 0 வோல்ற்றுடனும் இணைக்க வேண்டும். இத்தடையி இல்லாவிடின், ஆளி திறந்திருக்கும்போது பெய்ப்பு 1 உமன்றி 0 உமன்றி மிதந்து நிற்கும். படத்தில் இதனை வரையாது விடுவோர் பலர்.

ஆளி மூடினால் பெய்ப்பு 1, திறந்தால் 0. எப்போது மூட வேண்டும்? பின்வருமாறு கொள்க:

மே = 1: நீர் மேல்மட்டத்தை இன்னும் அடையவில்லை
கீ = 1: நீர் கீழ்மட்டத்திலும் குறைந்துவிட்டது
கி = 1: கிணற்றில் போதிய நீர் உண்டு

மூன்றிலும் 1 என்பது பம்பிக்குச் சாதகமான நிலை என்பதைக் கவனிக்குக. இது தற்செயலன்று. கூரையிலிருந்து வரும் கம்பியை அணில் கடித்து அறுத்துவிட்டால் அந்தப் பெய்ப்பு 0 ஆகும். எந்தக் கம்பி அறுந்தாலும் பம்பி தாங்கியை வழியவிடாது, வறண்ட கிணற்றில் ஓடவும் மாட்டாது. மாறாக, "தாங்கி நிரம்பினால் மே = 1" எனக் கொண்டு நொட் படலையொன்றைச் சேர்த்தாலும் விடை தருக்கப்படி சரியே. ஆனால் கம்பி அறுந்தால் சுற்று "தாங்கி நிரம்பவில்லை" என்றே எண்ணும். நீர் கூரையால் வழிந்துகொண்டிருக்கும். தாளில் சமமான இரு விடைகள் வீட்டில் சமமல்ல.

மிதவை ஆளிகளுக்குப் பதிலாக உலோகக் கோல்களை நீரில் அமிழ்த்தலாம். எனினும் அவற்றினூடு நேரோட்டம் தொடர்ந்து பாய்ந்தால் மின்பகுப்பினால் கோல் அரிக்கப்படும்.

தருக்கம்

கி = 1 ஆக இருக்கும்போது பம்பியின் பயப்பு (ப):

மே  கீ  ப
1  1  1
1  0  ?
0  0  0
0  1  0

இறுதி நிரை நடைமுறையில் நிகழ முடியாதது: நீர் மேல்மட்டத்தையும் அடைந்து கீழ்மட்டத்திலும் குறைய இயலாது. அவ்வாறு வந்தால் ஓர் ஆளி பழுது. எனவே 0 இடுவதே பாதுகாப்பு.

கேள்விக்குறியிட்ட நிரையே இப்பாடத்தின் மையம். நீர் இரு மட்டங்களுக்கும் இடையில் உள்ளது. தாங்கி நிரம்பிக்கொண்டிருந்தால் பம்பி ஓட வேண்டும். நிரம்பிய தாங்கியிலிருந்து நீர் எடுக்கப்படுகிறதாயின் ஓடக்கூடாது. பெய்ப்புகள் இரு சந்தர்ப்பங்களிலும் ஒன்றே! அங்கு 0 இட்டால் கீழ்மட்டத்திலும், 1 இட்டால் மேல்மட்டத்திலும், சிறிதளவு நீர் ஏறி இறங்கும்போதெல்லாம் மோட்டர் தொடங்கி நிற்கும். தொடக்க ஓட்டம் இயங்கும் ஓட்டத்தின் பல மடங்காதலால் சுருள் விரைவில் வெப்பமேறும்.

எனவே முந்திய நிலையை நினைவிற் கொள்ள வேண்டும்:

ப = கி · மே · (கீ + ப(முன்))

ஓர் இருபெய்ப்பு "ஓர்" படலையும் ஒரு முப்பெய்ப்பு அன்ட் படலையும் போதும். அன்ட் படலையின் பயப்பை "ஓர்" படலையின் இரண்டாம் பெய்ப்புக்குத் திருப்பி இணைக்குக. இது எஸ்.ஆர். பிளிப்-புளொப்பின் வேலையையே செய்கிறது: கீ தொடக்கும், மே, கி என்பன நிறுத்தும்.

பயப்பு

படலை தருவது ஏறத்தாழ 5 வோல்ற்றும் சில மில்லியம்பியரும் மாத்திரமே. 12 வோல்ற்று றிலேயின் சுருள் 400 ஓம் எனின் அதற்கு 30 மில்லியம்பியர் வேண்டும். இடையே என்.பி.என். திரான்சிற்றர் ஒன்றை இடுவோம். ஓட்ட நயம் 100 எனின் குறைந்தபட்ச அடி ஓட்டம் 0.3 மில்லியம்பியர். நிரம்பல் நிலையை உறுதிசெய்ய இதன் மும்மடங்கை, அதாவது 0.9 மில்லியம்பியரை எடுத்தால்:

அடித் தடை = (5 − 0.7) ÷ 0.9 ≈ 4.8 கிலோஓம்

கடையில் கிடைக்கும் 4.7 கிலோஓம் பொருத்தமானது. சுருளுக்குச் சமாந்தரமாக இருவாயியை இணைக்கும்போது அதன் கதோட்டு +12 வோல்ற்றுப் பக்கம் இருக்க வேண்டும். திரான்சிற்றர் துண்டிக்கப்படும் கணத்தில் சுருளில் தூண்டப்படும் பெரிய மின்னியக்க விசையிலிருந்து அதுவே திரான்சிற்றரைக் காக்கிறது. திசை மாறினால் றிலே இயங்காது, திரான்சிற்றரும் வெப்பமேறிப் பழுதடையலாம்.

றிலேயின் சாதாரணமாகத் திறந்த தொடுகையை 230 வோல்ற்று உயிர்க்கம்பியில் இடுக. நொதுமல் கம்பியில் இட்டால் பம்பி நின்ற பின்னும் மோட்டரில் உயிர் இருக்கும். அரைப் பரிவலு மோட்டரின் பொறிமுறைப் பயப்பு 373 வாற்று. அது உள்ளெடுக்கும் வலு இதனிலும் கூடியது. தொடுகை தொடக்க ஓட்டத்தையும் தாங்க வேண்டும்; சிறிய றிலேயாயின் தொடுகைகள் ஒட்டிக்கொள்ளலாம். அப்போது ப = 0 ஆனாலும் பம்பி ஓடிக்கொண்டே இருக்கும். இதனாலேயே பெரிய மோட்டர்களுக்கு றிலேயால் இயக்கப்படும் கொன்ரக்டர் பயன்படுகிறது.

பயிற்சி வினா

தாங்கி பாதியளவு நிரம்பியபோது கிணற்று மட்டம் குறைந்து பம்பி நின்றது. அரை மணியில் கிணறு ஊறி கி மீண்டும் 1 ஆயிற்று. பம்பி தொடங்குமா?

விடை: தொடங்காது. நின்றபோதே ப(முன்) = 0; நீர் இடைமட்டத்தில் இருப்பதால் கீ = 0. எனவே கீ + ப(முன்) = 0. தாங்கி கீழ்மட்டத்திலும் குறைந்த பின்னரே தொடங்கும். கிணறு ஊற அவகாசமும் கிடைக்கிறது. ஆயினும் தாங்கி ஏற்கெனவே கீழ்மட்டத்திலும் குறைந்திருந்தால் கி மாறும்போதெல்லாம் பம்பி தொடங்கி நிற்கும். இதைத் தடுக்கக் கிணற்றுக்கும் இரு மட்ட ஆளிகள் தேவை. அச்சுற்றை நீங்களே வரைந்து பார்க்குக.