பூட்டனார் போன வழி

மருங்காபுரி

அன்புள்ள மகளுக்கு,

இலங்கைத் தோட்டத்துக்குப் போன உன் பூட்டனார் எந்த ஊரிலிருந்து கிளம்பினார், எந்தக் காலத்தில் போனார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்கிறாய். கையில் இருப்பது அவர் பெயர் மட்டும்தான், அதை எந்தப் பட்டியலில் தேடுவது என்று கேட்டிருக்கிறாய். பெயரிலிருந்து தொடங்காதே என்பதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. நம் சீமை மனிதர் ஒருவரை நூறு வருஷத்துக்கு அப்பால் தேடும்போது, பெயர்தான் இருப்பதிலேயே வலுக்குறைந்த தடயம். அவருடைய ஊரும், அவரோடு சேர்ந்து கிளம்பிய ஆட்களும்தான் கெட்டியான தடயங்கள். காரணம் உனக்கே தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு தலைமுறையோடு போய்விடும். போதாக்குறைக்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். அதனால் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் அதே கருப்பையா, அதே சின்னக்காளை திரும்பத் திரும்ப வருகிறார்கள். வீட்டுப் பேச்சில் இரண்டு மூன்று ஆட்கள் ஒரே ஆளாகக் கலந்துவிடுகிறார்கள். கருப்பையா கோப்பிக் காட்டில் வெட்டு வேலை செய்தார், பிறகு தேயிலையில் கங்காணியானார், 1950 வாக்கில் காலமானார் என்று ஒரு குடும்பம் சொன்னால், கணக்குப் போட்டுப் பார். இலங்கையில் கோப்பிச் செடியை 1869-ல் இலைநோய் தாக்கியது. அடுத்த இருபது வருஷத்துக்குள் அந்தப் பயிரே அழிந்தது. கோப்பிக் காட்டில் ஆளாக நின்றவர் 1950 வரை இருந்தார் என்றால் வயது எண்பதாவது ஆகியிருக்க வேண்டும். நடக்காது என்றில்லை. ஆனால் பாட்டன் கருப்பையாவும் பேரன் கருப்பையாவும் ஒருவராகிவிட்டார்கள் என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டில் இந்த வேலையை நிறையப் பேர் செய்கிறார்கள். இத்தாலியிலிருந்து அமெரிக்கா போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் உண்டு. பெண்களும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகியிருப்பார்கள். இத்தாலியின் பெரும்பகுதியில் 1866 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் ஊராட்சியே பதிந்து வைத்திருக்கிறது; தென்பகுதியில் அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே நெப்போலியன் காலத்தில் அது தொடங்கிவிட்டது. இவ்வளவு இருந்தும், குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே தேடுகிறவர்கள் திணறுகிறார்கள். ஒரே ஊரில் ஒரே குடும்பப் பெயரோடு பத்து வீடு இருக்கும். அவர்களுக்குக் கைகொடுப்பது கப்பல் பட்டியலில் இருக்கும் வேறு இரண்டு கேள்விகள். அமெரிக்காவில் யாரிடம் போகிறாய் என்பது ஒன்று. சொந்த ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவு யார் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கேள்வியை 1907 முதல் கேட்டு எழுதினார்கள். ஒருவன் தனியாகப் புறப்படுவதில்லை. முன்னே போன ஆளைப் பிடித்துக்கொண்டுதான் பின்னே போகிறான். அந்தச் சங்கிலியைப் பிடித்தவர்கள் ஊரைப் பிடித்துவிடுகிறார்கள். குடும்பப் பெயர் இருக்கிற சமூகத்துக்கே சங்கிலிதான் வழி என்றால், அது இல்லாத நமக்கு வேறு வழி ஏது?

நம்மவர்களிலும் நேட்டாலுக்குப் போனவர்களின் சந்ததிக்கு ஒரு வசதி உண்டு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் இருக்கும் தழும்பு மச்சம் என்று வரிசையாக எழுதி வைத்தார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது. இன்று அதுவே பேரப்பிள்ளைகளுக்கு ஊர் காட்டுகிறது. இலங்கைக்குப் போனவர்களுக்கு இப்படி ஒரு பட்டியல் இல்லை. அது பக்கத்துத் தீவு, போகிறவர்கள் ஒப்பந்தம் இல்லாத சுதந்திர ஆட்கள் என்று சொல்லி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடியேற்றச் சட்டங்களிலிருந்து இலங்கைக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். சுதந்திர ஆட்கள் என்றது பேருக்குத்தான். ஊரில் முன்பணம் வாங்கிய நிமிஷத்திலிருந்து கடன் அவர்கள் கழுத்தில் ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் அந்தக் கடனை எழுதிய துண்டு கூடவே போனது. ஆகவே உன் பூட்டனார் கப்பல் ஏறிய தாளைத் தேடி நாளைக் கழிக்காதே. அவரைச் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியைத் தேடு.

கங்காணி வெளியாள் இல்லை. தன் ஊர், தன் சாதி, தன் பங்காளி, மாமன் மச்சான் என்று தெரிந்த இடத்தில்தான் ஆள் சேர்த்தான். கடன் வாங்கியவன் ஓடாமல் இருப்பதற்கு உறவுதான் பிணை. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணி, அவனுக்குக் கீழே ஒரு கூட்டம். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் ஒன்றாக நின்றவர்களும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களும் பெரும்பாலும் ஒரே வட்டாரத்து ஆட்கள். எனவே உன் குடும்பத்துப் பெரியவர்களிடம் பூட்டனார் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாதே. அடுத்த காம்பரா யாருடையது, கங்காணி யார், கணக்கப்பிள்ளை எந்த ஊர், கலியாணத்துக்கு எந்த லயத்தில் பெண் எடுத்தார்கள் என்று கேள். பூட்டனாரின் ஊர் மறந்துபோன வீட்டில், கங்காணியின் ஊர் மறக்காமல் இருக்கும். பூட்டியாரை விட்டுவிடாதே. பெண்களைக் குடும்பக் கதையில் இன்னாரின் பெண்சாதி என்று முடித்துவிடுகிறோம். தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் கொழுந்து பறித்த பெண்ணுக்குத் தன் பெயரில் தனி வரி இருந்தது. அவள் பிறந்த வீடும் அதே வட்டாரத்தில்தான் இருக்கும். தாய்மாமன் வழி பிடித்துப் போனால், ஆண்வழியில் அறுந்த இடம் பல நேரம் ஒட்டிக்கொள்ளும்.

காலத்தைக் கண்டுபிடிப்பதற்கும் பெயர் வேண்டியதில்லை. வாய்மொழியில் வரும் சின்னச் சின்ன விவரங்களே காலத்தைச் சொல்லிவிடும். தாது வருஷப் பஞ்சத்தில் போனார்கள் என்றால் 1876–78. தோணியில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள் என்றால், அநேகமாக 1914-க்கு முந்தி. அந்த வருஷம்தான் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று வழி திறந்தது. தகர டிக்கெட் கழுத்தில் தொங்கியது என்றால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். அதில் தோட்டத்தைக் காட்டும் அடையாளமும் எண்ணும் இருக்கும் என்பதால், எந்த வீட்டிலாவது அது கிடந்தால் பத்திரம் என்று சொல்லிவை. திருச்சி ஆபீஸ் என்று பேச்சு வந்தால் 1904-க்குப் பிந்தி; தோட்டத்துரைமார் அந்த வருஷம்தான் தங்கள் ஆள்சேர்ப்பு ஆணையத்துக்குத் தலைமையிடமாக நம் திருச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். மேல் எல்லை 1939: அந்த வருஷம் ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடுத்துவிட்டது.

ஊர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய தாளில் திருச்சினாப்பள்ளி ஜில்லா, குளித்தலை தாலுகா என்று இருந்தால் இன்றைய கரூர் மாவட்டத்துக் குளித்தலைக்குப் பஸ் ஏறிவிடாதே. மணப்பாறை, மருங்காபுரிப் பக்கமெல்லாம் அன்று குளித்தலைத் தாலுகாதான். கரூர் தனி மாவட்டமானது 1995-ல். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், பிறகு 1974 வரை திருச்சி மாவட்டம். அதனால் ஒரே கிராமம் தாத்தா தாளில் ஒரு மாவட்டத்தின் பேரிலும் அப்பா தாளில் வேறு மாவட்டத்தின் பேரிலும் இருக்கும். எங்கள் மருங்காபுரி போன்ற ஜமீன் கிராமங்களுக்கு இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. ரயத்துவாரி ஊர்களில் குடியானவனுக்குச் சர்க்கார் நேரே பட்டா கொடுத்தது. ஜமீனில் பட்டா கொடுத்தது ஜமீன். 1948-ஆம் வருஷச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்த பிறகுதான் இங்கே சர்க்கார் நிலக்கணக்கு வந்தது. ஆகையால் அதற்கு முந்திய பூட்டனார் பெயரில் பட்டா இல்லை என்பதை, அவருக்கு நிலமே இல்லை என்று படித்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் சார்பதிவகத்துப் பத்திரம்தான் உதவும். அடகு, கிரயம், பாகப்பிரிவினை எதுவானாலும் எழுதிக்கொடுப்பவரின் தகப்பன் பெயரும் கிராமமும் அதில் வந்தாக வேண்டும். அதைவிட அருமையானது நான்கெல்லை. கிழக்கே இன்னார் புஞ்சை, தெற்கே இன்னார் கிணறு என்று எழுதும்போது அண்டை நிலத்துப் பங்காளிகள் தாமாகவே வந்து நிற்கிறார்கள். வெளிதேசம் போன அண்ணன் பங்கைத் தம்பி அனுபவித்து, பின்னாளில் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தால், போனவர் பெயரும் அவர் அப்போது இருந்த இடமும் ஒரே தாளில் அகப்படும். அதற்கு அடுத்தபடி வீட்டுப் பரணில் கிடக்கும் மொய் நோட்டு. அதில் எழுதுகிறவர் பெயரை மட்டும் எழுதமாட்டார். எந்த ஊர், யார் மகன் என்று சேர்த்து எழுதினால்தான் திருப்பிச் செய்யும்போது ஆள் தெரியும். குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டைப் பார். வெளியூர் போன தலைக்கட்டுக்குச் சொந்தக்காரர் வரி கட்டி வந்த வழக்கம் இருந்தால், போனவர் கிளை அதில் நிற்கும்.

இப்போது உனக்கு வரக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். ஏழை எளியவர்களுக்கு ஏது ஏடு, வம்சாவளி எல்லாம் பாளையக்காரர்களுக்குத்தானே என்று சிலர் சொல்வார்கள். ஜமீன் வம்சாவளி பெருமைக்காக எழுதியது, அதில் கூட்டல் குறைச்சல் உண்டு. கூலியாளைப் பற்றி எழுதியது கடன் வசூலுக்கும் ஆள் கணக்குக்கும். எழுதியவனுக்கு அவர்மேல் அன்பு கிடையாது, ஆனால் கணக்குத் தப்பினால் நஷ்டம். ஆகவே அந்தத் தாளை நம்ப நியாயம் இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லாவிட்டாலும். வயது உத்தேசம், ஜாதி எழுத்தர் காதில் விழுந்தபடி அல்லது சொன்னவர் சொல்ல விரும்பியபடி. அந்த ஜாதிக் கட்டத்தைக் கண்டு நீ கூசவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். எழுதியபடியே குறித்துக்கொள், யார், எதற்காக எழுதினார்கள் என்பதையும் பக்கத்தில் எழுது.

பாட்டி சொன்னதற்கும் தாள் சொல்வதற்கும் முரண் வந்தால் எதை எடுப்பது என்பது கடினமான மறுப்பு. நம் பகுதியிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது.  1680-ல் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்து, திருச்சி, ஏலாக்குறிச்சிப் பக்கம் நெடுங்காலம் வாழ்ந்த வீரமாமுனிவருக்கு 1822-ல் முத்துசாமிப் பிள்ளை தமிழில் வரலாறு எழுதினார். முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு ஆனபின், ஊர் வாய்மொழியைத் திரட்டி எழுதியது. முனிவர் திருச்சியை ஆண்ட சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார் என்பதும், 1742-ல் மணப்பாட்டில் காலமானார் என்பதும் அந்த வழியில் பரவியவை. சேசு சபையின் சமகால ஏடுகளோடு ஒப்பிட்டவர்கள் 1747, அம்பழக்காடு என்கிறார்கள். திவான் பதவியையும் சந்தேகிக்கிறார்கள். தேதிக்கும் இடத்துக்கும் உடனே எழுதிய தாளை நம்ப வேண்டியதுதான். ஆனால் அரசவையில் ஒரு பாதிரியாருக்கு இருந்த செல்வாக்கை ஊர் எப்படி நினைவு வைத்தது என்பதற்கு முத்துசாமிப் பிள்ளையைத் தவிர யாரிடம் போவது? உன் பாட்டி பேச்சையும் அப்படி வைத்துக்கொள். வருஷத்தை அவளிடம் எடுக்காதே. யாரோடு போனார்கள், யாரிடம் சண்டை, யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்பதை அவளிடம் மட்டுமே எடுக்க முடியும். எச்சில் கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்தால் போதாதா என்றும் கேட்பாய். இன்னொரு பக்கத்து உறவும் அதே பரிசோதனை செய்திருந்தால் உறவு உண்டு என்று அது சொல்லும். கிராமத்தின் பேரை அது சொல்லாது.

இதெல்லாம் ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று தாள் கேட்டது. தோட்டத்து மக்களிடம் அது இல்லை. அடுத்த வருஷச் சட்டத்தின்கீழ் சுமார் 8 லட்சம் பேருக்காக மனு போட்டார்கள்; சுமார் 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கேள்வி நம் திருச்சியில் 2019-லும் முடிந்திருக்கவில்லை. திருச்சிக் கொட்டப்பட்டு, ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் அகதி முகாம்களில் இருந்த 65 பேர், நாங்கள் இங்கிருந்து போன கூலிகளின் வம்சம், எங்களுக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவர்கள் மனுக்களை வாங்கிப் பரிசீலித்து முடிவு சொல்லும்படி உத்தரவிட்டது. அப்படி ஒரு மனுவில் பூர்வீக ஊர் என்ற இடத்தில் வெறும் திருச்சி ஜில்லா என்று எழுதுவதற்கும், தாலுகா, கிராமம், பங்காளி வீடு, கோயில் என்று எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ஆகவே இந்த விடுமுறையில் ஒரு நோட்டைப் போட்டு, இடது பக்கத்தில் பாட்டி சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுது. வலது பக்கத்தில் தாளில் கண்டதை, தாளின் தேதியோடு எழுது. பூட்டனார் பெயருக்கு முதல் பக்கத்தில் ஒரு வரி போதும்; கங்காணிக்கும் அவன் கூட்டத்து ஆட்களுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கு. இரண்டு பேர் ஊராவது ஒன்றாக வந்ததும் எனக்கு எழுது. அந்த ஊருக்கு அக்காலத்தில் எந்தச் சார்பதிவகம் என்று நான் இங்கே விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா