தறிச் சுவருக்குப் பின்னால் ஒரு பாத்ரூம்

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் எங்கள் தறிக்கூடத்துக்கும் பாத்ரூமுக்கும் நடுவே நாலரை அங்குலச் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் பட்டுப் பாவு. பாத்ரூமுக்குப் புது டைல்ஸ் போட்டு ஏழு மாதம்கூட ஆகவில்லை, தறிப் பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிவிட்டது. பெயிண்ட் உப்பி, பூச்சு பொரிந்து, தறிக்குழிக்குள் கொட்டியது. ஈரம் பட்டால் பாவின் இழுப்பு மாறும், ஜரிகை கறுக்கும். நெய்கிறவர் வீட்டில் ஓதம் என்பது கூலியில் கைவைக்கிற விஷயம்.

டைல்ஸ் ஒன்றைப் பெயர்த்தோம். உளி வைத்ததுதான் தாமதம், முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதன் முதுகில் மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என ஐந்து உருண்டைக் கலவை. மற்ற இடமெல்லாம் காற்று. அந்தப் பொந்தில் தண்ணீர் தேங்கித் தேங்கிச் சுவர் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோர்வையில ஒரு இழை விட்டாலே முதலாளி புடவையைத் தூக்கிப் போட்டுடுவாரு. இவன் அஞ்சு உருண்டையில ஒரு சுவத்தையே முடிச்சிட்டுப் போயிட்டான்" என்றார்.

வரதராஜப் பெருமாளுக்கு ராமாநுஜர் தீர்த்தம் எடுத்துப் போன சாலைக்கிணறு இருக்கும் ஊர் இது. தண்ணீருக்கு இங்கே தனி மரியாதை உண்டு, அது சுவருக்குள் போகாதவரை. இரண்டாவது முறை வேலை செய்தபோது கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன்.

செய்ய வேண்டியவை

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ குழாயில் கசிவு. இறங்கவில்லை, ஆனால் குளித்த பிறகு மட்டும் சுவர் கறுக்கிறது என்றால் டைல்ஸ் இணைப்பிலோ தரையிலோ கோளாறு. பாத்ரூமே இல்லாத பக்கத்திலும் சுவரடியெல்லாம் ஒரே உயரத்துக்கு ஓதம் நிற்கிறதா? அது மண்ணிலிருந்து ஏறுகிறது. பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு இருக்காது. அதற்கு டைல்ஸ் மாற்றுவது, காய்ச்சலுக்குச் சட்டை மாற்றுவது போலத்தான்.

காடி வெட்டிப் பதித்த குழாயைப் பூசி மூடும் முன் பிளம்பரை அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். செல்போனில் படமும் எடுங்கள், பக்கத்தில் டேப் பிடித்து, தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி. பின்னால் துண்டுக் கம்பி மாட்ட டிரில்லிங் போடுகிறவர் குழாயைத் துளைக்காமல் இருக்க இந்தப் படம்தான் உதவும்.

தண்ணீரைத் தேக்கிப் பாருங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது, அதற்கு அடியில் பூசுகிற வாட்டர் ப்ரூஃபிங்தான் தடுக்கும். தரை முழுக்க, சுவரில் ஓரடி ஏற்றி, ஷவர் பக்கம் ஆறடி வரை, ஒன்றுக்கு இரண்டு கை அடிக்க வேண்டும். இரண்டாவது கையை முதல் கைக்குக் குறுக்காக இழுக்க வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல் கலவையால் வளைத்து விடச் சொல்லுங்கள், விரிசல் முதலில் விடுவது அங்கேதான். பூச்சு காய்ந்ததும் தரையில் தண்ணீர் வெளியேறும் நஹானி டிராப்பைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் விட்டு, மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். 48 மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். கோட்டுக்குக் கீழே இறங்கினாலோ, சுவருக்கு அந்தப் பக்கம் ஈரம் தெரிந்தாலோ பூச்சு தோற்றுவிட்டது. வெயிலில் கொஞ்சம் ஆவியாகும், அதை வைத்து ஏமாற்ற இடம் தரக் கூடாது என்பதற்காக நாங்கள் பக்கத்திலேயே ஒரு தட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டோம். மேஸ்திரி சிரித்தார். சிரிக்கட்டும்.

வாட்டம் சரியா என்று டைல்ஸ் பதிக்கும்போதே பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம் போதும். ரசமட்டம் வைத்துப் பார்க்கத் தெரியாதென்றால் கோலிக்குண்டை உருட்டுங்கள். நாலு மூலையிலிருந்தும் அது டிராப்பைத் தேடி ஓட வேண்டும். வழியில் நின்றால் நாளைக்குத் தண்ணீரும் அங்கேதான் நிற்கும்.

டைல்ஸின் குணத்தைக் கேட்டு வாங்குங்கள். விட்ரிஃபைடு அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. சுவருக்கு ஒட்டும் சாதாரண செராமிக் பத்து சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். செராமிக்கை ஊறவைத்து சிமென்ட்டில் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு அநேகமாக எதையும் உறிஞ்சாது, அதனால் சிமென்ட் பால் அதைப் பிடிக்காது. அதற்கு டைல் அட்ஹெசிவ்தான் வேண்டும். மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணும் எந்த வகை என்பதும் அச்சடித்திருக்கும்.

பற்கரண்டியால் இழுக்கச் சொல்லுங்கள். அட்ஹெசிவைப் பரப்பிச் சீப்பு வாரியதுபோல் ஒரே திசையில் வரி விழ வேண்டும், அதன்மேல் டைல்ஸை வைத்து அழுத்தி அசைக்க வேண்டும். சித்திரை வெயிலில் அது சீக்கிரம் தோல் கட்டிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பரப்ப வேண்டும். முதல் நாள் வேலையில், ஒட்டி ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு டைல்ஸைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்க அட்ஹெசிவ் ஒட்டியிருந்தால் சரி. இரண்டாவது மேஸ்திரியிடம் இதைக் கேட்டபோது அவர் முகம் சுண்டியது. ஆனாலும் கழற்றிக் காட்டினார். அன்றிலிருந்து கை கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.

பெட்டியில் பேட்ச் எண்ணையும் ஷேடு எண்ணையும் பாருங்கள். குஜராத் மோர்பியிலிருந்து ஒரே பெயரில் வரும் டைல்ஸிலும் சூளைக்குச் சூளை நிறம் லேசாக மாறும். சாயப்பட்டறையில் இரண்டாம் தடவை போட்ட அரக்கு முதல் தடவைபோல் வராது என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி, மீந்ததைப் பரண்மேல் போட்டுவையுங்கள்.

இரண்டு நாள் கழித்து ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டுங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் விட்டுவிடலாம். பொக்குச் சத்தம் வருவதில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள்.

செய்யக்கூடாதவை

இடைவெளி இல்லாமல் ஒட்டச் சொல்லாதீர்கள். "ஜாயின்ட்டே தெரியக் கூடாது" என்று நாம்தான் கேட்கிறோம், அவர்களும் செய்துகொடுத்துவிடுகிறார்கள். வெயிலுக்கும் ஈரத்துக்கும் டைல்ஸும் சுவரும் விரிந்து சுருங்கும். இடமில்லாவிட்டால் ஒன்றையொன்று நெட்டிக் கிளம்பிவிடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தே ஆக வேண்டும்.

அந்த இடைவெளியை வெறும் வெள்ளைச் சிமென்ட்டால் நிரப்ப விடாதீர்கள். அது சுருங்கி, முடி அளவு விரிசல் விட்டு, அதன் வழியாகத்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. ஷவர் பக்கமாவது எபாக்சி கிரவுட் போடுங்கள். விலை அதிகம்தான்.

பூச்சுக்கு எம்-சாண்ட் வேண்டாம். பாலாறு ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தும் ஆற்று மணல் கனவாகிவிட்டது, கல்லை உடைத்துச் செய்த மணல்தான் கிடைக்கிறது. கட்டுவதற்கு எம்-சாண்ட், பூசுவதற்கு பி-சாண்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசி நாள் ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். சிந்திய சிமென்ட்டைப் போக்கச் சுலபமான வழி என்று அதைத்தான் செய்வார்கள். அது கறையோடு கிரவுட்டையும் தின்னும். சிந்தியதை அன்றன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிட்டால் ஆசிட்டுக்கு வேலையே இல்லை. வீட்டில் உப்புத் தண்ணீர்க் கறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கம் இருந்தால், அதனோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் புகை ஆளைச் சாய்த்துவிடும்.

பழைய டைல்ஸ் மேலேயே புதுசை ஒட்டச் சம்மதிக்காதீர்கள். செலவு குறையும் என்பார்கள். தரை ஏறி, பாத்ரூம் தண்ணீர் அறைக்குள் வரும். அடியில் இருக்கும் கோளாறும் அப்படியே இருக்கும்.

தரைக்குப் பளபளப்பு டைல்ஸ் வேண்டாம். வீட்டில் பாட்டி இருக்கிறார்கள் என்றால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முகூர்த்தத் தேதியைச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். எங்கள் முதல் வேலை கெட்டதற்குப் பாதிக் காரணம் நாங்களே. தங்கை வளைகாப்புக்கு முன் முடிய வேண்டும் என்று நெருக்கினோம், சதுர அடிக் கூலியில் ஐந்து ரூபாய் பேரமும் பேசினோம். பூசிய சுவருக்கு ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டியது, இரண்டு நாளில் டைல்ஸ் ஏறியது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் வேகத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். அப்புறம் நிதானத்தை எதிர்பார்த்தால் எப்படி?

பிளம்பரையும் டைல்ஸ்காரரையும் தனித்தனியாகப் பேசி வேலை விடாதீர்கள். கசிந்தால் அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். ஒருவரையே பொறுப்பாக்கி, என்னென்ன வேலை, என்ன பொருள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடைசித் தவணையைத் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகு, நாணயத்தால் தட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், அதுவே சாட்சி.

கெட்டுப்போனால் இரண்டு வருடத்தைச் சும்மா ஓட்டிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும். காண்ட்ராக்ட் எடுத்துக் காசு வாங்கிச் செய்த வேலைக்கு இது பொருந்தும். நீங்களே மேற்பார்த்து நாள் கூலிக்கு ஆள் வைத்திருந்தால் வழக்கு நிற்பது கஷ்டம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து கேட்கலாம்.

நாங்களும் கேட்டோம். ஒப்பந்தத் தாள் இருக்கிறதா, பணம் கொடுத்த ரசீது இருக்கிறதா, படம் இருக்கிறதா என்றார்கள். பணம் முழுக்க ரொக்கமாகப் போயிருந்தது. வேலை நடந்த நாளில் எடுத்த படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புது டைல்ஸ் முன்னால் அத்தை பையன் நின்று எடுத்துக்கொண்ட செல்ஃபி.