எரியும் முன் அறிவோம்: மும்முனை மோட்டாரும் மூன்று அளவுகளும்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் அலகை நடத்தும்போது, மூன்று கட்ட மின்னியற்றி வரை கற்பிக்கிறோம். அந்த மின்சாரத்தில் ஓடும் தூண்டல் மோட்டாரை மாணவர்கள் வயலில் தினமும் பார்க்கிறார்கள். பாடநூலின் 'மூன்று கட்டம்' அவர்கள் வீட்டில் 'மும்முனை மின்சாரம்'. இரண்டையும் இணைக்க, ஒரு பாடவேளையில் நான் செய்துவரும் செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன்.

"உங்கள் ஊரில் மோட்டார் எப்படிப் பழுதாகும்?" என்ற கேள்வியோடு தொடங்குவேன். "திடீர்னு காயில் எரிஞ்சிடும் சார்" என்பார்கள். 'திடீர்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அது சரிதானா என்று ஆராயச் சொல்வேன்.

சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஜூல் விதி. தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் சுருளின் மின்காப்பு ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே பெரும்பாலான காயில்கள் ஒரே நாளில் எரிவதில்லை. பல நாள் சூடேறிக் கெட்டு, ஒரு நாள் எரிகின்றன.

கிணற்று மேட்டு மோட்டாரில் பேரிங் தேய்ந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இருக்கும் நீர்மூழ்கி மோட்டாரின் சத்தம் நமக்குக் கேட்காது. மேலே வரும் மூன்று கம்பிகளின் மின்னோட்டமே அதன் நாடித்துடிப்பு. எலக்ட்ரீஷியன் அதை டாங் டெஸ்டரால், கம்பியைத் துண்டிக்காமலே அளந்துவிடுவார்.

செயல்பாடு 1

ஒரு 5 குதிரைத்திறன் மோட்டாரின் அளவுகள் எனக் கரும்பலகையில் எழுதுகிறேன்: ஆர் 7.6, ஒய் 7.4, பி 6.0 ஆம்பியர். சராசரி 7.0. சராசரியிலிருந்து அதிகம் விலகியது பி, விலகல் 1.0. ஆகவே சமமின்மை 1.0 ÷ 7.0 × 100 = 14.3 சதவீதம். இது 5 சதவீதத்திற்குள் இருப்பது நல்லது. 10-ஐத் தாண்டினால் மோட்டாரை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். மின்னழுத்தத்தில் 1 சதவீதச் சமமின்மை இருந்தாலே மின்னோட்டத்தில் அது 6 முதல் 10 மடங்காகப் பெருகித் தெரியும் என்பதையும் சொல்கிறேன்.

செயல்பாடு 2

குறை மோட்டாரிலா, மின்வழியிலா? இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் மூன்று கம்பிகளையும் எலக்ட்ரீஷியன் ஓரிடம் தள்ளி இணைக்கிறார். வரிசை மாறாததால் சுழலும் திசை மாறாது. முன்பு ஆர், ஒய், பி முறையே 1, 2, 3 ஆம் கம்பிகளில் இருந்தன; இப்போது 2, 3, 1 இல் இருக்கின்றன. மீண்டும் அளக்கும்போது குறைந்த அளவு பி-யிலேயே நின்றால், குறை ஸ்டார்ட்டரிலோ அதற்கு முந்தைய வழியிலோ இருக்கிறது. 3 ஆம் கம்பியோடு சேர்ந்து ஒய்-க்கு நகர்ந்தால், குறை மோட்டாரிலோ அதற்குச் செல்லும் கேபிளிலோ இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு மாணவி எழுந்தாள். அவள் வீட்டு மோட்டாருக்கு ஒரே பருவத்தில் இரண்டு முறை காயில் கட்டியிருந்தார்கள். "அப்போ குறை மோட்டார்லயே இல்லாம இருக்கலாமா சார்?" என்று கேட்டாள். அவள் தந்தை எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்தபோது, குறைந்த அளவு இடம் மாறவில்லை. கருகிய ஃபியூஸ் கேரியர் ஒன்றுதான் காரணம். அதை மாற்றாமல் மூன்றாம் முறை காயில் கட்டியிருந்தாலும் எரிந்துதான் போயிருக்கும். பயிரும் மறுபடி காய்ந்திருக்கும்.

எச்சரிக்கை: மாணவர்கள் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கவோ, கம்பியைத் தொடவோ கூடாது. அளப்பது எலக்ட்ரீஷியனின் வேலை. கணக்கிடுவது மாணவரின் வேலை. இதை வகுப்பில் இருமுறையாவது சொல்லுங்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மூன்று அளவுகளும் சமம். ஆனால் சென்ற மாதத்தைவிட மூன்றுமே கூடியுள்ளன. என்ன காரணம்? (பம்பில் மணல் அடைப்பு, பேரிங் இறுக்கம் போன்றவற்றால் சுமை கூடியிருக்கலாம்.)

2. மூன்றுமே வழக்கத்தைவிட மிகக் குறைவு. என்ன காரணம்? (நீர்மட்டம் இறங்கி, பம்ப் நீரின்றி ஓடக்கூடும்.)

இரண்டுக்கும் விடை சொல்ல, பழைய அளவுகள் கையில் இருக்க வேண்டும். ஆகவே எலக்ட்ரீஷியன் வரும்போதெல்லாம் தேதியோடு மூன்று அளவுகளையும் கேட்டு எழுதிவைக்க, ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்கிறேன். இயற்பியல் குறிப்பேட்டின் கடைசிப் பக்கமே அதற்குப் போதும்.