செயலியின் துடிப்பும் வரம்பும்

வடகரையை அடுத்த மேக்கரையில் அடவிநயினார் கோவில் அணை உள்ளது. மதகை உயர்த்தினால் வயலுக்கு நீர் விரைந்து சேரும். கால்வாய் தாங்கும் அளவுக்கு மேல் உயர்த்தினாலோ கரையே உடையும். கணினியின் செயலிக்கும் இந்நெறி பொருந்தும்.

செயலி, கடிகாரத் துடிப்புக்கேற்ப இயங்குவது. உற்பத்தியாளர் வரையறுத்த துடிப்பினும் மிகுதியாக அதனை இயக்குவதே 'ஓவர்கிளாக்கிங்' எனும் மிகைத்துடிப்பாக்கம். 1998இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரான் 300ஏ இதற்குத் தக்க சான்று. தாய்ப்பலகையின் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 4.5 மடங்காக்கி, அது 300 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. பெருக்கெண்ணை மாற்ற இயலாமையால், ஆர்வலர்கள் தாய்ப்பலகையின் துடிப்பை 100 ஆக உயர்த்தினர். அச்செயலிகளுள் பல 450 மெகாஹெர்ட்ஸை எட்டி, விலைமிகுந்த பென்டியம் 2 செயலிக்கு ஈடுகொடுத்தன.

ஆயினும் வேகத்திற்கு விலை உண்டு. செயலி நுகரும் மின்திறன், துடிப்புக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் வளரும். துடிப்பை 1.5 மடங்காகவும் மின்னழுத்தத்தை 2.0 வோல்ட்டிலிருந்து 2.2 வோல்ட்டாகவும் உயர்த்தினால், வெப்பம் ஏறத்தாழ 1.8 மடங்காகும். குற்றாலச் சாரல் வீசும் ஆடியில் தாங்கிய கணினி, சித்திரை வெயிலில் நின்றுபோகலாம். கணக்கில் பிழை நேரலாம். சேமித்த கோப்புகள் சிதையலாம்.

ஆகவே, பழைய கணினியை விரைவாக்க விழைவோர் முதலில் விசிறியில் படிந்த தூசியை நீக்கி, உலர்ந்த வெப்பப் பசையை மாற்றுக. நினைவகத்தைக் கூட்டுதலும் தீங்கற்ற வழியே. அதன்பின்னும் துடிப்பை உயர்த்த விரும்பின், கோப்புகளின் படியை வேறிடத்தில் சேமித்துவிட்டு, சிறிது சிறிதாக உயர்த்துக. ஒவ்வொரு நிலையிலும் வெப்பத்தை அளந்தறிக. பிழை தோன்றிய உடனே முந்தைய நிலைக்குத் திரும்புக.